தின்று பார்த்துப் போடும் காரம்

மூன்றாம் வகுப்போடு நின்ற நான் பேளுக்குறிச்சியில் சொந்த ஓட்டல் கட்டியவன். என் பொறுமையையே ஓர் அம்மா சோதித்துவிட்டார். மலைமேல் வாசலூர்பட்டி படகுத்துறையில் அன்னாசியும் கொய்யாவும் நறுக்கி, தேனும் மிளகாய்த்தூளும் கலந்து விற்பவர். ஒவ்வொரு பழத்திலும் ஒரு துண்டைத் தின்று, ஒற்றைக் கண்ணை மூடி யோசித்த பிறகுதான் காரம் போடுவார்.

என் ஓட்டலிலும் விற்கலாமென்று அளவு கேட்டேன்.

“அளவெல்லாம் இல்லீங்க, தின்னு பாத்துப் போடோணும்.”

நானே ஓர் அளவில் கலந்தேன். வந்தவர்கள் தட்டிலேயே மிச்சம் வைத்தார்கள். கோபத்தோடு மறுபடி மலையேறினேன்.

“ஏனுங்க, தின்னு பாத்தீங்களா?”

“எனக்குச் சர்க்கரை, அம்மிணி!”

“ஊட்டுக்காரம்மாகிட்டக் குடுத்துக் கேக்கறதுதானுங்களே?”

விறுவிறுவென்று இறங்கி வந்தேன். இத்தனை வருடத்தில் என் மனைவியிடம் நான் எதையுமே கேட்டதில்லை. அது அந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? நினைத்தாலே எரிச்சல் வருகிறது.