க்ளிக் கேட்காமல் வண்டி நகராது

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். எனக்கு வருத்தமில்லை. விமானத்தில் நடந்ததை அக்கா சொல்லித்தான் கேட்டேன். ஆனால் பெட்டியைத் திறந்த அறையில் நானும் நின்றேன். அதை என் கண்ணால் பார்த்தேன்.

அக்காவின் கணவர், என் மாமா, வெளிநாட்டில் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். வீட்டில் அவருக்கு 'ஆமை' என்று பெயர். சைக்கிள்கூட அவரை முந்திக்கொண்டு போகும். பக்கத்தில் இருப்பவர் சீட் பெல்ட் மாட்டும் 'க்ளிக்' காதில் விழாமல் வண்டியை நகர்த்த மாட்டார். மாட்டிய பிறகும் ஒரு விரலை உள்ளே விட்டு இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். இறங்கும்போதும் அப்படித்தான். "எறங்கிட்டேன்" என்று நாம் வாய்விட்டுச் சொன்னால்தான் பிரேக்கிலிருந்து கால் வரும். கேலி செய்து எங்களுக்குத்தான் வாய் வலித்தது, அவர் மாறவில்லை.

அந்த மனிதருக்கு ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு அடைத்தது. வேனை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் ஸ்டீயரிங்கில் சாய்ந்தார். உள்ளே இருந்த ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை.

அக்கா அழவில்லை. காகிதங்களில் கையெழுத்துப் போட்டாள், அவர் உடல் இருந்த பெட்டியோடு தனியாக விமானம் ஏறினாள். அவர் கீழே, சரக்கு அறையில். அவள் மேலே, ஜன்னலோரம். பக்கத்து இருக்கை காலி.

விமானம் என்றாலே அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். முன்பெல்லாம் ஆட்டம் வந்தால் மாமா, "ஒண்ணுமில்ல, ரோட்டுல பள்ளம்" என்பார். இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக் காட்டுவார். அவள் பயத்தை மறந்து சிரித்துவிடுவாள்.

அன்று பிற்பகல் மூன்று மணி. வெளியே நல்ல வெயில். பெல்ட் போடச் சொல்லி அறிவிப்பு வந்தது. அக்கா போடவில்லை. பெல்ட்டை மடியில் பரப்பி, மேலே போர்வையைப் போட்டு மூடிக்கொண்டாள். பணிப்பெண் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

"விழுந்தா விழட்டும்னு இருந்தேன்டா" என்றாள் என்னிடம். "ரெண்டு பேரும் ஒரே வண்டியில போயிடலாம்ல."

விமானம் குலுங்கியது. தலைக்கு மேல் பைகள் தடதடத்தன. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது.

காலி இருக்கைக்கு முன்னால் ஒரு பெரியவர். இருக்கை இடுக்கு வழியாக அவர் குரல் வந்தது.

"உங்க பக்கத்துல இருக்கவரக் கொஞ்சம் காலை எடுக்கச் சொல்லுங்கம்மா. ரொம்ப நேரமா மிதிக்கிறாரு."

"இங்க யாரும் இல்லீங்க."

அவர் எழும்பி எட்டிப் பார்த்தார். காலி இருக்கையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். சட்டென்று முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

தட்...

இப்போது அவளுக்கும் கேட்டது. பக்கத்து இருக்கையின் அடியிலிருந்து.

தட்... தட்...

ஒவ்வொரு குலுக்கலுக்கும் சற்று முன்னால். பள்ளம் தெரிந்து மிதிக்கும் கால்.

"நீங்களா?" என்றாள்.



போர்வைக்குள் எதுவோ நகர்ந்தது...

அவளுடைய இரண்டு கைகளும் வெளியேதான் இருந்தன.

க்ளிக்.

பெல்ட் இறுகியது. ஒரு விரல்... பனிக்கட்டி போல... உள்ளே நுழைந்தது.

இழுத்தது.

மறுபடி இழுத்தது.

விமானம் விழுந்தது.

சில நொடிகள்தான். உணவு வண்டி கூரையில் மோதித் தெறித்தது. மூன்று வரிசை தள்ளி, பெல்ட் போடாத ஒருவர் மேலே தூக்கி அடிக்கப்பட்டார். அவர் பிழைக்கவில்லை. அக்கா இருக்கையோடு இருக்கையாக இருந்தாள்.

ஆட்டம் நின்றது. அவள் பக்கத்து இருக்கையில் கையை வைத்தாள். அப்போதுதான், அவர் போன பிறகு முதல்முறையாக, வாய்விட்டு அழுதாள்.

விமான நிலையத்தின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் வெள்ளை ஓடு. உடலைச் சரிபார்த்து ஒப்படைக்கும் ஊழியர் பெட்டியைத் திறந்தார். அக்காவை வெளியே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் நின்றேன். விமானத்தில் நடந்தது எதுவும் எனக்கு அப்போது தெரியாது.

ஊழியர் குனிந்தவர் நிமிரவில்லை.

"காலைக் கட்டாமலா அனுப்பினாங்க?" என்றார்.

கட்டியிருந்தார்கள். அந்தத் துணி அறுந்து கிடந்தது. இடது கால் நேராக இருந்தது. வலது முழங்கால் மடங்கி, பாதம் பெட்டியின் அடிப்பலகையை அழுத்திக்கொண்டிருந்தது. பலகை விரிசல் விட்டிருந்தது.

அவர் காலை நீட்டப் பார்த்தார். வரவில்லை. நானும் பிடித்தேன். அசையவில்லை.

கதவு திறந்தது. அக்கா.

அந்தக் காலைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. மாமாவின் காதருகே குனிந்தாள்.

"எறங்கிட்டேங்க... பத்திரமா எறங்கிட்டேன்."

நாங்கள் யாரும் தொடவில்லை.

முழங்கால் தளர்ந்தது. பாதம் பலகையை விட்டு மெல்ல விலகி, இடது காலின் பக்கத்தில் வந்து படுத்தது.