ஏகாம்பரம் குடிக்காத காப்பி

ஏகாம்பரம் போய்விட்டார் என்று எனக்கு போன் செய்தது அவருடைய தங்கை வள்ளி. செய்தி மனதில் ஏறுவதற்கு முன்னால் அந்தக் குரலே என்னைத் திடுக்கிட வைத்தது. அண்ணனும் தங்கையும் பேசி இரண்டு வருஷமாகிறது என்று நம் கார் ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும்.

கோயில் பார்க்கவும் பட்டு எடுக்கவும் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு நாங்கள் இருவரும் ஒரே முதலாளியின் கார்களை ஓட்டினோம். ஆனால் பழைய டீசல் கார் வாங்க நினைத்தவர்கள் தேடி வந்தது ஏகாம்பரத்தை மட்டும்தான். விற்கிறவரிடம் நேரம் சொல்லாமல் விடிந்ததும் போய் நிற்பார். முதலில் பானட் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் யாரோ முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். அதற்குமேல் பேச்சில்லை, திரும்பிவிடுவார். "ராத்திரி பூரா தூங்கின வண்டி காலைல எப்படி எழுந்திருக்குதுன்னு பாக்கணும்பா. அப்ப அதால நடிக்க முடியாது" என்பார்.

காப்பி விஷயம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். விற்கிறவர் வீட்டில் வண்டியைப் பார்த்து முடிக்கும்வரை காப்பியைத் தொடமாட்டார். குடித்துவிட்டால் குறை சொல்ல வாய் வராது என்பார். வண்டி நன்றாக இருந்தால் கேட்டு வாங்கிக் குடிப்பார். இல்லையென்றால் டம்ளர் அப்படியே இருக்கும். "ஏகாம்பரம் காப்பி குடிச்சாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் சின்ன காஞ்சிபுரத்தில் பலர் அட்வான்ஸ் கொடுத்தார்கள். ஒரு மனிதனின் காப்பிக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

முதலாளி வண்டியை விட்டுவிட்டு சொந்தக் கார் ஓட்டலாம் என்று நான் துணிந்தபோது, செவிலிமேட்டில் ஒரு டீசல் கார் விலைக்கு வந்தது. வள்ளியின் வீட்டுக்காரருடையது. தர்மசங்கடம் வேண்டாம், நீ வராதே என்று நானே சொன்னேன். அவர் கேட்கவில்லை.

"நான் வரலன்னா வண்டி சரியில்லன்னு ஊரே முடிவு பண்ணிடும், தாஸு. நல்லா இருந்துட்டா எவ்ளோ சந்தோஷம். வா, போலாம்."

போய்க் கை வைத்தார். பானட் சூடாக இருந்தது. வேறு வீடாக இருந்தால் அந்த நொடியே கிளம்பியிருப்பார். அன்று காம்பவுண்டு சுவரில் உட்கார்ந்துவிட்டார். வண்டி ஆறும்வரை காத்திருந்தார். அவர் ஒரு வண்டிக்காகக் காத்திருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். வள்ளி கொண்டுவந்து வைத்த காப்பியில் ஆடை படிந்தது.

ஆறிய பிறகு சாவியைத் திருப்பினார். இழுத்து இழுத்துத்தான் எஞ்சின் பிடித்தது. பின்னால் நீலப் புகை. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் மூடியைத் திறந்தார். அங்கேயும் குபுகுபுவென்று புகை வந்தது. எஞ்சினுக்குள் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து, ஆயில் எரிகிறது என்று அர்த்தம். மைத்துனரிடம் குரலை உயர்த்தாமல் சொன்னார். "மாப்ள, இத இவன் வாங்கினா பொழப்பு போயிடும். யார் வாங்கினாலும் அப்படித்தான். எஞ்சினைப் பிரிச்சு செஞ்சுடுங்க."

வள்ளி டம்ளரை எடுத்துப் போய்ச் செடிக்கு ஊற்றினாள். அன்றோடு பேச்சு நின்றது. பொங்கல் சீரை ஏகாம்பரம் தானே கொண்டுபோய்க் கொடுப்பார். வாங்கிக்கொள்வாள், முகம் பார்க்கமாட்டாள். அவர் அதைப் பற்றிப் புலம்பியதே இல்லை. எனக்கு ஏனாத்தூரில் வேறு கார் பார்த்து, அங்கே இரண்டு டம்ளர் காப்பி குடித்தார். அதைத்தான் இன்றும் ஓட்டுகிறேன்.

ஊருக்கெல்லாம் கார் பார்த்துக் கொடுத்தவருக்குச் சொந்தக் கார் கிடையாது. விடியற்காலையில் நெஞ்சு வலித்தபோது அவர் மனைவி வள்ளியின் வீட்டுக்காரருக்குத்தான் போன் செய்திருக்கிறார். வந்தது அதே கார். திட்டிக்கொண்டேதான் என்றாலும், மனுஷர் எஞ்சினைப் பிரித்துச் செய்து வைத்திருந்தார்.

துக்கத்துக்குப் போனபோது வள்ளி என்னிடம் சொன்னாள். "சாவியத் திருப்பின ஒடனே புடிச்சிக்கிச்சு அண்ணா. எங்கியும் நிக்கல. அவரு தலைய மடில வச்சிக்கினு வழி பூரா பேசிக்கினே போனேன்."

அவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"கண்ண மூடிக்கினு எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கினு இருந்தாரு. ஆஸ்பத்திரி வாசல்ல, 'வண்டி நல்லா இருக்குதும்மா. வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கிறேன்'னாரு."

நண்பர்களே, அவர் கைப்பக்குவமோ காதோ எனக்கு வராது. நான் வைத்துக்கொள்வது அந்தக் காம்பவுண்டு சுவரில் அவர் உட்கார்ந்திருந்த நேரத்தைத்தான். தங்கைக்காக அவர் பொய் சொல்லவில்லை, காத்திருந்தார்.