அக்கி எழுத மறுத்தவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பிற்பகுதி. கல்கத்தாவில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். பாலிகஞ்சில் ஜாகை. துர்கா பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. மலேரியா ஜுரம் விட்டு எழுந்ததும் வழக்கம்போல உதட்டில் அக்கிக் கொப்புளம். எனக்கு அது வருவதும் பத்து நாளில் தானாக ஆறுவதும் சகஜம். அதனால் வலது கண் சிவந்து உறுத்தியபோதும் அசட்டையாக இருந்துவிட்டேன். இமையோரத்திலும் கொப்புளம் கிளம்பியதும் மனைவிதான் பயந்தாள்.

"ஏங்க, நம்ம ஊரா இருந்தா குயவர் வந்து காவியக் குழைச்சு கொப்புளத்து மேல அக்கி எழுதி ஆத்திட்டுப் போயிருப்பார். இங்கயும் மண்ணுல வேலை செய்யறவங்க இருக்காங்களே, போய்ப் பாருங்க" என்றாள்.

எனக்கும் அது சரியாகவே பட்டது. டிராம் ஏறி, சாமி சிலைகள் செய்யும் குமார்துலிக்குப் போனேன். நடக்கவே தெம்பில்லை. ஒரு கொட்டகையில் என் வயதுக்காரர் ஒருவர் அம்மன் முகத்துக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். அரைகுறை வங்காள மொழியில் விஷயத்தைச் சொன்னேன். கேலி செய்வார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கூச்சம் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டார்.

"மண்ணுக் கண்ணு தப்பா வந்தா அழிச்சிட்டு மறுபடி எழுதுவேன், பாபு. இதை என்ன பண்றது? வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அந்த வாரம் அவருக்கு மூச்சுவிட நேரமிருந்திருக்காது. ஆனாலும் கூடவே வந்து, டாக்டர் கூப்பிடும்வரை பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

உதட்டில் கொப்புளம் கிளப்பும் அதே கிருமிதான் கண்ணுக்கும் போய்க் கருவிழியில் புண் வந்துவிட்டது என்றார் டாக்டர். உதட்டுக் கொப்புளமெல்லாம் தானாக ஆறிவிடுமே என்று நான் வாதாடினேன். முதன்முதலில் இந்தக் கிருமி வந்தபோதே என் ரத்தம் அதற்கு எதிரான ஒரு பொருளைத் தயாரித்துவிட்டதாம். அதனால்தான் அது உடம்பெங்கும் பரவாமல் அடங்குகிறதாம். ஆனால் அடியோடு ஒழியாது. உடம்பு ஓய்ந்தால் தலைகாட்டும்.

"கருவிழியில ரத்தக் குழாய் கிடையாது. உங்க ரத்தத்துல இருக்கற காவல் அங்க சரியாப் போய்ச் சேராது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பார்வையே போயிருக்கும்" என்றார். என் அசட்டுத்தனத்தை நினைத்து வெட்கமாக இருந்தது.

கண்ணில் கட்டோடு வீட்டில் கிடந்தேன். பூஜை மேளம் காதில் மட்டும் விழுந்தது. பார்வை போகாமல் தப்பியது. சிறு தழும்பு மட்டும் இன்றும் புகைபோல நிற்கிறது.

இப்போதும் அலுப்பு மிஞ்சினால் உதட்டில் கொப்புளம் வருகிறது. என் ரத்தம் சலிக்காமல் அதோடு மல்லுக்கட்டுகிறது. அந்த ரத்தம் எட்டாத இடத்தில் என்னைக் காப்பாற்றியது, முன்பின் தெரியாத ஒருவர் என் முகத்தில் வைக்க மறுத்த தூரிகைதான்.