சண்டாஸ் வரிசையில் நின்ற பிள்ளைகள்

எங்கள் சந்துக்கு வந்து போனவர்கள் யாரையும் நான் மதித்ததில்லை. தாராவி என்றால் எல்லாருக்கும் ஒரு நடை வந்து பார்க்கத் தோன்றும். கேமராவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லுவார்கள், போய்விடுவார்கள். ஒருத்தி என் வாசலில் நின்று, இவ்வளவு சின்ன இடத்தில் எப்படி இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டாள். நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று அவளிடம் யார் சொன்னார்கள்? முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினேன்.

அதனால் செம்பூர்ப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து நான்கு பிள்ளைகள் வந்தபோதும் நான் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. தோல் பைக்கு வார் தைக்கிற வேலை எனக்கு. கையும் காலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அவர்களில் ஒரு பெண்தான் தமிழில் பேசினாள். மாட்டுங்காப் பெண். பாலக்காட்டுக் குடும்பம், பேச்சிலேயே தெரிந்தது.

“என்ன படிக்கிய?”

“பப்ளிக் பாலிஸி, அக்கா. பொதுக் கொள்கைன்னு சொல்லலாம். டிகிரி முடிச்சுட்டு மேல படிக்கறோம்.”

“கொள்கைல படிக்க என்னட்டி இருக்கு? இருந்தா இருக்கும், இல்லன்னா இல்ல.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. “மாட்டுங்கா எங்க இருக்கு? தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். இத்தன வருசமா வரத் தெரியலியோ ஒங்க ஆளுகளுக்கு?” என்று கேட்டேன்.

“தெரியலை அக்கா. வந்திருக்கணும்” என்றாள். அதற்கு மேல் நியாயம் எதுவும் பேசவில்லை.

அவர்கள் வந்தது எங்கள் சண்டாஸுக்காக. எங்கள் சந்துக்கென்று இருப்பது அந்த ஒரு பொதுக் கழிப்பறைதான். அதையொட்டி ஓடுகிற சாக்கடையை, எங்கள் பேச்சில் கட்டரை, அகலப்படுத்தப் போகிறார்கள், கழிப்பறையை இடிக்கப் போகிறார்கள் என்று அதன் கதவிலேயே நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். புதிதாக ஒன்று கட்டித் தருவார்களாம். எங்கே? பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். லாரியும் டெம்போவும் பெஸ்ட் பஸ்ஸும் முட்டிக்கொண்டு நிற்கிற ரோடு அது.

எனக்கு அதைத் தாண்டத் தெரியும். என் மைனிக்கு முடியாது. மைனி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, எங்களோடு இருப்பவள். சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப் போனது. காலையில் ஒரு கையில் வாளி, இன்னொரு கை சுவரில். வீட்டு வாசலிலிருந்து கழிப்பறைக் கதவு வரை சுவர் விடாமல் வரும். அதைத் தடவிக்கொண்டே போய்விட்டு வந்துவிடுவாள், யாரையும் கூப்பிட மாட்டாள். அவள் உள்ளங்கை பட்டுப் பட்டு அந்தச் சுவரில் ஒரு கோடு வழுவழுவென்று கறுத்துக் கிடக்கும். நோட்டீஸ் ஒட்டிய அன்று அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “இனி ராத்திரி சோறு வேண்டாம்ட்டி எனக்கு. தண்ணியும் கொஞ்சமாக் குடிச்சுக்கிடுதேன்.” மெஷினை மிதித்தேன். ஊசி ஒடிந்தது.

அந்தப் பிள்ளைகள் மறுநாள் விடிந்ததும் வந்தார்கள். கேள்வி கேட்க வரவில்லை, படம் பிடிக்கவும் இல்லை. பெண்கள் மூன்று பேரும் கையில் டப்பாவோடு சண்டாஸ் வரிசையில் நின்றார்கள். கூட வந்த பையன், விதர்பாக்காரன், நல்ல உயரம், ஆண்கள் பக்கம் போய் நின்றான். எங்கள் சந்தே சிரித்தது. “வேடிக்கைக்கு வந்திருக்காளுவ, நாத்தம் பட்டா ஓடிருவாளுவ” என்று நானே சத்தமாகச் சொன்னேன். மாட்டுங்காப் பெண் உள்ளே போனாள், வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. குழாயில் கை கழுவிவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டாள். மறுநாளும் வந்து வரிசையில் நின்றாள். அதற்கு மறுநாளும். முந்தப் பார்த்த ஒருத்தியை எங்கள் ஆட்கள் திட்டியபோது இவளும் சேர்ந்து, “லைன்ல வாங்கோ!” என்றாள். அன்றைக்குத்தான் நான் அவளுக்கு டீ போட்டேன்.

மாநகராட்சி வார்டு ஆபீஸில், நோட்டீஸுக்கு எங்கள் ஆட்சேபத்தைக் கேட்க நாள் கொடுத்திருந்தார்கள். அதற்கு முந்தின சாயங்காலம் கணபதி மண்டல் அறையில், பிள்ளையார் விழாக் கமிட்டியின் அறையில், எல்லாரும் கூட வேண்டும் என்றார்கள் பிள்ளைகள். என்ன பேச வேண்டும் என்று சொல்லித் தருவார்கள் என நினைத்துப் போனேன். அவர்கள் வழக்கமே வேறாக இருந்தது. எதிராளியின் பக்கத்தைத்தான் முதலில் பேசிப் பார்ப்பார்களாம், அதுவும் எவ்வளவு பலமாகப் பேச முடியுமோ அவ்வளவு பலமாக. மாட்டுங்காப் பெண் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள்தான் ஆபீஸர். போனைப் பார்த்துக்கொண்டே, நிமிராமல், “ம், சொல்லுங்கோ” என்றாள்.

நான் ஆரம்பித்தேன். பாதியில் வெட்டினாள்.

“புதுசு டைல்ஸ் போட்டு வரப்போறது. நாள் பூரா தண்ணி. அது வேண்டாம், இந்த அழுக்குதான் வேணும்னு சொல்றேளா?”

“அப்படிச் சொல்லல…”

“மழைன்னா உங்க வீட்டுக்குள்ளதானே தண்ணி வரது? கட்டரை அகலம் பண்ண வேண்டாமா? அதையும் நீங்களேதான் கேட்டேள்.”

அது நிஜம். போன மழையில் நாங்கள்தான் கேட்டோம். அப்போது அவள் போனிலிருந்து கண்ணை எடுத்து, மூலையில் உட்கார்ந்திருந்த என் மைனியைக் காட்டி, “இந்த ஒருத்தருக்காக மொத்தப் பேட்டையும் முழுகணுமா?” என்று கேட்டாள்.

நான் எழுந்துவிட்டேன். “ஏட்டி! என் வீட்டு டீயக் குடிச்சிட்டு என் மைனியவா சொல்லுத? செருப்பு பிஞ்சிரும், பாத்துக்க!”

“கத்தறதுன்னா வெளில போய்க் கத்துங்கோ. அடுத்தவா வரட்டும்.” முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

நான் வெளியே போய்க் கத்தினேன். உள்ளபடியே போனேன். சந்தில் நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். திரும்பி உள்ளே வந்து பார்த்தால் அவள் மைனியின் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மைனி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு, “விடு பிள்ள. நல்லாத்தான் கேட்ட. அவன் இத விட வெசமா கேப்பான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குக் கேக்கறப்போ உங்களுக்கு முதல் தடவையா இருக்கக்கூடாது, அக்கா. அவ்வளவுதான்” என்றாள் அவள் என்னைப் பார்த்து.

இப்படி ஒரு படிப்பு உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எதிராளியின் வாயைத் தன் வாயில் வாங்கி, நம் மீதே அதைத் துப்பிக் காட்டி, நாம் திட்டுவதையும் வாங்கிக்கொள்கிற படிப்பு. பிறகு எல்லாரும் மறுபடி உட்கார்ந்தோம். அவள் கேட்டாள், நாங்கள் பதில் சொல்லிப் பார்த்தோம். தப்பான பதில் என்றால் விதர்பாப் பையன் தலையை மட்டும் ஆட்டுவான். சரியான பதில் இன்னதென்று ஒருத்தரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அதை நாங்களேதான் தேட வேண்டியிருந்தது.

மறுநாள் வார்டு ஆபீஸ் வாசலில் ஒரு கூத்து நடந்தது. நாங்கள் தீபாவளிக்கு எடுத்த சேலையைக் கட்டி, பூ வைத்துப் போயிருந்தோம். அந்தப் பிள்ளைகள் சாயம் போன குர்தாவும் ரப்பர் செருப்பும் துணிப்பையுமாக வந்தார்கள். ஏழைகளோடு போகிறோம், பகட்டாகப் போகக்கூடாது என்று யோசித்திருக்கிறார்கள். வாட்ச்மேன் எங்களுக்கு வழி விட்டான், அவர்களை மறித்தான். “காம்வாலே பீச்சே ஸே!” வேலையாட்கள் பின்பக்கமாக வர வேண்டுமாம்.

“ஏ பாய், ஹமாரே பச்சே ஹைங்!” எங்கள் பிள்ளைகள் என்று நான் கத்திய பிறகுதான் விட்டான். “ஆபீஸுக்கு வாரப்ப நல்ல துணி உடுத்தணும்னு ஒங்க கொள்கைல இல்லியாட்டி?” என்று கேட்டேன். மாட்டுங்காப் பெண்ணுக்குக் காது வரை சிவந்துவிட்டது. விதர்பாப் பையன், “மௌசி, மாஃப் கரோ” என்று மன்னிப்புக் கேட்டுக் காதைப் பிடித்துக்கொண்டான்.

உள்ளே ஆபீஸர் எங்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு எங்களைத் தாண்டி, பின்னால் நின்ற பிள்ளைகளிடம் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். நீங்கள் படித்தவர்கள், நீங்களே விஷயத்தைச் சொல்லுங்கள் என்கிற மாதிரி. அவர்கள் நான்கு பேரும் வாயைத் திறக்கவில்லை.

மனதுக்குள் திட்டினேன். பேசுங்களேன், பாவிகளா. இந்த ஆளுக்குப் பிடித்த இங்கிலீஷ் உங்களிடம் கொட்டிக் கிடக்கிறது. கட்டர் அளவு, சட்டம் எல்லாம் தெரியும். திரும்பிப் பார்த்தேன். மாட்டுங்காப் பெண் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் சொன்னது ஒரே வாக்கியம், அதுவும் இந்தியில். “சார், பிரச்சினை இவங்களோடது, இவங்க பேசுவாங்க.”

அந்த மௌனத்தை நான் எதோடும் ஒப்பிட மாட்டேன். படித்தவர்கள் என்றால் பேசுகிறவர்கள் என்றுதான் என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். எங்களுக்காகப் பேசுவார்கள், எங்களைப் பற்றிப் பேசுவார்கள், எங்கள் முன்னாலேயே எங்களைத் தாண்டிப் பேசுவார்கள். பேசத் தெரிந்தும், பேசினால் தன் பெயர் வரும் என்று தெரிந்தும், வாயை மூடிக்கொண்டு எனக்கு இடம் விட்ட ஆட்களை நான் பார்த்ததே இல்லை.

ஆபீஸர் வேறு வழியில்லாமல் என்னிடம் திரும்பினார். டைல்ஸ் என்றார். மழைத் தண்ணீர் என்றார். கடைசியில் மைனியின் காலைப் பார்த்துவிட்டு அதையே கேட்டார். ஒரு ஆளுக்காக எல்லா வேலையும் நிற்க வேண்டுமா?

என் கோபமெல்லாம் முந்தின நாளே மண்டல் வாசலில் தீர்ந்துபோயிருந்தது. நிதானமாக என் பம்பாய் இந்தியில் சொன்னேன். சாப், இன்றைக்கு இவள் ஒருத்தி. நாளைக்கு வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி. மறுநாள் வயிற்றுப்போக்கில் ஒருத்தி. அப்புறம் வயசாகி நானும் ஒருத்தி. அந்த ஒரு ஆள் ஒவ்வொரு நாளும் எங்கள் சந்தில் யாராவது இருக்கத்தான் செய்வாள். கட்டரை நாங்கள் தடுக்கவில்லை. புதியதை எங்கள் சந்து முனையில், ரோட்டுக்கு இந்தப் பக்கம் கட்டு. அது திறந்த பிறகு பழையதை இடி.

அவர் பேனாவை மேஜையில் உருட்டிக்கொண்டிருந்தார். சந்து முனையில் இடம் எங்கே என்று கேட்டார். பாழாய்க் கிடக்கிற பழைய குப்பை மேடையை மைனி கையை நீட்டி விளக்கினாள். ஆள் அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். நான் நம்பவில்லை. ஆனால் ஆள் வந்தான், அளந்தான். நோட்டீஸைக் கிழித்துவிட்டுப் புதியது ஒட்டினார்கள். அதில் நான் சொன்ன வரிசைதான் இருந்தது. முதலில் கட்டுவது, பிறகு இடிப்பது.

புது நோட்டீஸைப் பார்க்க வந்த அந்தப் பெண்ணிடம், என் வாசலில் வைத்து, “இவ்வளவு படிச்சு என்னவா ஆகப் போற?” என்று கேட்டேன்.

“அந்த நாற்காலில உக்காரணும்னு இருக்கு, அக்கா.”

“உக்காரு. ஆனா போனப் பாத்துட்டே பேசாத. நீ அன்னிக்கு அப்படியே அவன மாதிரியே இருந்தட்டி, பயந்துட்டேன்.”

“எனக்கும் பயமாத்தான் இருந்தது” என்றாள். சிரிக்கவில்லை.

இப்போது குப்பை மேடையில் சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளுக்குப் பரீட்சை, வரவில்லை. மைனி தினமும் போய் நிற்கிறாள். இன்று காலை மேஸ்திரியிடம் சண்டை.

“ஏ பாய், இந்தப் பக்கத்துச் சொவர இப்படிச் சொரசொரன்னு விடாத. என் கை தேயுதுல்லா. நல்லா வழுவழுன்னு பூசு.”

அவன் பீகார்க்காரன், தமிழ் தெரியாது. அவள் தன் உள்ளங்கையை அவன் கண்ணுக்கு நேரே விரித்துக் காட்டினாள். அவன் பார்த்துவிட்டு, கரணையை எடுத்து மறுபடி பூச ஆரம்பித்தான்.