நான் மாற்ற மறந்த பத்து நொடி

சேலத்தில் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்கிறேன். முன்பெல்லாம் ஒவ்வொரு ஊர் எக்சேஞ்சிலும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி இருந்தது. பெட்டி கெட்டால் யாராவது வண்டியெடுத்துப் போய் அதைத் திறக்க வேண்டும். நான் சேர்ந்த காலத்தில் அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போய், அவை செய்ததையெல்லாம் எங்கோ ஒரு சர்வர் கூடத்தில் ஓடும் மென்பொருள் செய்யத் தொடங்கியது. எந்த ஊரின் பேச்சு எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை கன்ட்ரோலர் என்னும் ஒரு மென்பொருள் தீர்மானிக்கும். அதற்கு விதிகளை எழுதித் தருவது என் வேலை. மல்லசமுத்திரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, ஏசியில் உட்கார்ந்து நான்கு வரி எழுதினால், பரமத்தி வேலூர் டவர்களின் பேச்சு மொத்தமும் வேறு பாதைக்குத் திரும்பிவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

கேபிள் மட்டும் அப்படியே மண்ணுக்குள் கிடந்தது. வேலூர்ப் பக்கம் அதைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பது வயது தாண்டிய ஒரு டெக்னீஷியன். கேபிளுக்குள் ஓடும், தலைமுடி போல் மெல்லிய கண்ணாடி இழைகளை ஒட்டுவதில் அவருக்கு நிகரான கை எங்கள் வட்டத்தில் இல்லை என்பார்கள். ஆற்றோரம் அவருக்கு ஒரு சின்ன வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. விடிந்ததும் அதில் வேலை பார்த்துவிட்டு டவருக்குப் போவார். நான்கு வருடம் போனில் பேசியிருக்கிறோம், முகம் பார்த்ததில்லை. என்னை அம்மணி என்பார். நான் அண்ணா என்பேன்.

அந்த வருடம் புதிதாக ஒரு விதி எழுதினேன். வேலூரின் பேச்சு நாமக்கல் வழியாகப் போகும். அந்தப் பாதையில் நெரிசல் வந்தால் கன்ட்ரோலர் தானாகவே அதைத் திருச்செங்கோடு வழிக்கு மாற்ற வேண்டும். அங்கே நெரிசல் வந்தால் திரும்ப நாமக்கல்லுக்கு. ஒருமுறை மாற்றினால் அடுத்த மாற்றத்துக்குப் பத்து நிமிடமாவது பொறுக்க வேண்டும் என்பது விதியின் முக்கியமான வரி. சோதித்துப் பார்க்கும்போது பத்து நிமிடம் காத்திருக்கப் பொறுமையில்லாமல் அதைப் பத்து நொடி என்று வைத்தேன். சோதனை முடிந்தது. விதியை நடப்புக்குக் கொண்டுவந்தேன். பத்து நொடியை மாற்ற மறந்துவிட்டேன்.

சில நாள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு முகூர்த்த நாள் வந்தது. வேலூரைச் சுற்றி எல்லா மண்டபத்திலும் கல்யாணம், எல்லோர் காதிலும் போன். எட்டு மணிக்கெல்லாம் புகார் வரத் தொடங்கியது. பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுகிறது, வருகிறது, மறுபடி அறுகிறது. இப்படி விட்டுவிட்டு அறுந்தால் கேபிள் ஒட்டு தளர்ந்திருக்கும் என்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் அதுதான் தோன்றியது. அவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, உங்க பக்கம் ஒட்டு ஏதோ லூஸாயிருக்குதுங்க. ஆத்துப் பாலத்துப் பக்கம் போய்ப் பாருங்க."

"அதைப் போன வாரந்தான் நானே ஒட்டுனேன் அம்மணி. இருங்க, போய்ப் பாக்கறேன்."

பாலத்தருகே பார்த்தார். அங்கே சரியாக இருந்தது. அடுத்த கேபிள் ஒட்டுப் பெட்டிக்கு அனுப்பினேன். அதன் பிறகு டவரில் ஏறச் சொன்னேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் மூச்சு வாங்கிக்கொண்டே, "இங்க சுத்தமா இருக்குதுங்க" என்றார். "மறுபடி நல்லாப் பாருங்க" என்றேன். என்னுடைய அந்தக் குரலை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

பதினொரு மணிவாக்கில்தான் கன்ட்ரோலரின் பதிவேட்டைத் திறந்தேன். பக்கம் பக்கமாக ஒரே வரி. நாமக்கல், திருச்செங்கோடு, நாமக்கல், திருச்செங்கோடு. இரண்டு பாதையிலும் நெரிசல்; பத்து நொடிக்கு ஒருமுறை வேலூரின் பேச்சு அங்குமிங்கும் தூக்கி எறியப்பட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். நொடியை நிமிடமாக்கிச் சேமித்தேன். திரை அடங்கியது.

அதே நேரம் வேலூரிலிருந்து அண்ணா கூப்பிட்டார்.

"இப்பப் பாருங்க அம்மணி. பாலத்து ஒட்டை மறுபடி தொறந்து, தொடச்சுப் போட்டேனுங்க."

சொல்லியிருக்கலாம். தப்பு என்னுடையது அண்ணா, நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் சொன்னது வேறு.

"சரியாயிருச்சுங்ணா."

"அப்ப என்ற ஒட்டுலதானுங்களா கோளாறு?"

"அப்படித்தான் தெரியுதுங்க."

மேலாளர் வந்து, "ஃபீல்டு பிரச்சினைதானே?" என்று கேட்டார். தலையாட்டினேன். அறிக்கையை நானே எழுதினேன். ஒட்டு சரியாகப் போடப்படாததே காரணம் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. அண்ணாவின் கையெழுத்துக்கு அனுப்பியபோது அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க எழுதுனாச் சரியாத்தான் இருக்குமுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்பது பதிவேட்டில் என் பெயரோடு இருந்தது. கேபிள்மேல் பழி விழுந்தபின் அதை யாரும் திறந்து பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேலூருக்குப் போன் போட்டபோது வேறு குரல் எடுத்தது. பழையவர் வாழப்பாடிக்குப் போய்விட்டார், அங்கே டவர் பேட்டரி, ஜெனரேட்டர் பார்க்கிறார் என்றது. கொடிக்காலைக் குத்தகைக்கு விட்டுவிட்டாராம். நேரில் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆனாலும் நான் உடனே போகவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளி, மேலும் ஐந்து மாதம் ஓட்டினேன். அந்த ஐந்து மாதத்துக்கு என்னிடம் எந்தச் சாக்கும் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து ஆத்தூர் பஸ் ஏறி வாழப்பாடியில் இறங்கினேன். முன்பே போனில் சொல்லியிருந்ததால் அண்ணா பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பேக்கரிக்கு வந்தார். நான் நினைத்ததைவிடக் குட்டையான மனிதர். கண்ணில் தடித்த கண்ணாடி.

"அம்மணிங்களா? இத்தனை தூரம் எதுக்குங்க வந்தீங்க?" என்று சிரித்தார்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். விதி, பத்து நொடி, பதிவேடு, போனில் சொன்ன பொய், எல்லாவற்றையும். அவர் டீயைத் தொடவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப என்ற ஒட்டு நல்லாத்தான் இருந்துச்சுங்களா?"

"நல்லாத்தான் இருந்துச்சுங்ணா."

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"கண்ணு போச்சுன்னு நெனச்சுட்டேனுங்க. சேலத்து ஆஸ்பத்திரில காட்டி இதை வாங்குனேன். போட்டும் பயம் போகுல. ஒரு ஒட்டுப் போட்டா ஊட்டுக்குப் போயித் தூக்கம் வராது. காலைல முதல் வேலையா ஓடிப்போயித் தொறந்து பாப்பேன். இனி இழை வேலை வேண்டாம், பேட்டரி பாக்கறேன்னு நானேதான் எழுதிக் குடுத்தேன். அவங்க இங்க அனுப்பிட்டாங்க."

அவரைத் தண்டித்து மாற்றியிருப்பார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் தன்னைத் தானே விலக்கிக்கொண்டிருக்கிறார். அந்த மேசை முன் நிமிர்ந்து உட்கார என்னால் முடியவில்லை.

"மன்னிச்சுருங்ணா" என்றேன்.

"அதை அப்பறம் பாத்துக்கலாமுங்க. இப்பச் சொன்னதை எழுதிக் குடுப்பீங்களா? ஆபீசுக்கு. தமிழ்ல எனக்கும் ஒண்ணு."

குரலில் கோபம் இல்லை. கண்டிப்பு இருந்தது. அங்கேயே போனில் தட்டி அவர் கண்முன் அனுப்பினேன். தமிழில் எழுதிய தாளை இரண்டு முறை படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டீ ஆறிப்போயிருந்தது. அதைக் குடிக்காமலே எழுந்து, "வாரேனுங்க" என்று போய்விட்டார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆறு மாதம் விதிகளைத் தொட அனுமதியில்லை. இப்போது எந்த மாற்றத்தையும் இன்னொருவர் படித்து ஒப்புக்கொண்டால்தான் கன்ட்ரோலர் ஏற்கும். அறிக்கையைத் திருத்தினார்கள். அவரை வேலூருக்கே திரும்ப அனுப்பினார்கள். கொடிக்கால் குத்தகை முடியும்வரை அவர் அதில் கால்வைக்க முடியாது என்று கேள்விப்பட்டேன். இழை வேலையை மறுபடி எடுக்கச் சொன்னார்களாம். பேட்டரியே போதும் என்றுவிட்டாராம். கண் நன்றாகத்தான் இருக்கிறது, கைதான் நடுங்குகிறது என்றாராம்.

அதன் பிறகு மாதக் கூட்டம் ஒன்று போன் வழியாக நடந்தது. சேலம், நாமக்கல் ஆட்கள் எல்லோரும் லைனில் இருந்தோம். மேலாளர் என் பெயரைச் சொல்லி, தன் தவறைத் தானே ஒப்புக்கொண்ட நேர்மைக்கு எடுத்துக்காட்டு என்றார். யாரோ கைதட்டினார்கள். திரையில் இருந்தவர்களின் பட்டியலில் அண்ணாவின் பெயரும் இருந்தது. ஏழு மாதம் கழித்துத்தான் சொன்னேன் சார் என்று குறுக்கிட வாயெடுத்தேன். அதற்குள் மேலாளர் டீசல் கணக்குக்குப் போய்விட்டார். மைக்கை அணைத்தேன். கூட்டம் முடியும்வரை அண்ணாவின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது.