விமானப் படத்தில் கேட்ட தங்கச்சி குரல்

நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்ங்க. நான் பி.எஸ்சி. பிசிக்ஸ். எங்க குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள். எங்க ஊரு அதியமான்கோட்டையில யாருக்காவது பேய் பிடிச்சிருக்குன்னு சொன்னா, மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சண்டை போட்டவன். அதனாலேயே இதை இத்தனை நாளா வெளியில சொல்லல.

என் தங்கச்சி தீபா நர்சிங் முடிச்சு துபாய்ல வேலைக்குப் போறதா இருந்தா. எங்க வூட்டுல யாரும் விமானத்துல ஏறினதில்ல. உள்ளே எப்படி இருக்கும், பெல்ட்டை எப்படி மாட்டணும்னு அவளுக்கு ஒரே பயம். படிச்சவனாச்சே, நான் ஒரு யோசனை பண்ணேன். விமானத்துக்குள்ளேயே நடக்கற படமா தேடி டிவியில போட்டுக் காட்டிடலாம்னு. தேடினா கிடைச்சதெல்லாம் தமிழ்ல டப் பண்ண ஆக்‌ஷன் படம். ஒண்ணுல கடத்தறான், ஒண்ணுல பாம் வைக்கறான், ஒண்ணுல பைலட்டே செத்துப்போறான்.

"ஏன்டா சக்தி, ப்ளேன்ல தினமும் இப்படித்தான் அடிச்சுக்குவாங்களா? நம்ம டவுன் பஸ்சே தேவலாம் போ"ன்னாங்க அம்மா. தீபா விழுந்து விழுந்து சிரிச்சா.

ஒரு படத்துல கடத்தல்காரன் நடுவானத்துல கதவைத் திறக்கப் போறான், பயணிங்க எல்லாம் கத்தறாங்க, அந்தக் கூச்சலுக்கு நடுவுல தெளிவா ஒரு பொண்ணு குரல்.

"அண்ணா, வூட்டுக் கதவத் தெறக்காதண்ணா!"

டப்பிங் படத்துல யாருங்க "வூடு"ன்னு பேசுவாங்க? அதுவும் தீபா குரல். அவளோ வாயில மிக்சரோட என் பக்கத்துல உக்காந்திருக்கா. மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். திரும்ப ஓட்டிப் பார்த்தா வெறும் கூச்சல்தான். "போவாதடி"ன்னு அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க. எல்லாருமே பதட்டத்துல இருக்கோம், அதான் அப்படிக் கேட்டுதுன்னு நான்தான் சமாதானம் சொன்னேன்.

கிளம்பற நாள் வந்துது. அப்பா தக்காளி லோடு வண்டி ஓட்டறவர், அன்னிக்கு வெளியூர். நானே பெங்களூரு ஏர்போர்ட் வரைக்கும் போய் தீபாவை விட்டுட்டு பஸ் பிடிச்சு ராத்திரி வூடு வந்து சேர்ந்தேன். அம்மா சாப்பிடாம உக்காந்திருந்தாங்க. விமானம் எங்கே போகுதுன்னு காட்டற ஆப் ஒண்ணு போன்ல வெச்சிருந்தேன். "இதோ பாரும்மா, கடலுக்கு மேல போயிட்டிருக்கா"ன்னு காட்டிட்டே இருக்கேன், வாசக்கதவை யாரோ தட்டறாங்க.

"அண்ணா, நாந்தான். கதவத் தெற."

தீபா குரல். அம்மா முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. "எம்புள்ள போவலடா, திரும்பி வந்துட்டா!"ன்னு எந்திரிச்சு ஓடினாங்க. பாய்ஞ்சு இடுப்போட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டேன். படத்துல கேட்ட அந்தச் சத்தம் மட்டும்தான் மண்டைக்குள்ள ஓடுது.

"வுடுடா! பாவம், வெளிய நிக்கறாடா!"

"அம்மா, குளுருதும்மா"ன்னு வெளியில கெஞ்சற சத்தம். கையில இருந்த போன்ல அந்தக் குட்டி விமானம் கடல் மேல நகர்ந்துட்டே இருக்கு. அம்மா என் கையைப் பிறாண்டறாங்க, நான் விடல. எவ்வளவு நேரமோ தெரியாது. கடைசியா வெளியில, கோவம் இல்லாம அழுகை இல்லாம, "சரிண்ணா"ன்னு ஒரே ஒரு வார்த்தை. அப்புறம் சத்தமே இல்ல.

தீபா போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணா. "நல்லா வந்துட்டேண்ணா. ஏறினதும் தூங்கிட்டேன். கனவுல நம்ம வூட்டு வாசல்ல நின்னு தட்டிட்டே இருக்கேன், செம குளிரு. நீ தெறக்கவே இல்ல"ன்னு சொல்லிச் சிரிச்சா.

தெறக்காதன்னதும் அவ குரல், தெறன்னதும் அவ குரல். எதைக் கேட்டிருக்கணும்னு இன்னிக்கும் எனக்குத் தெரியல. அம்மா அன்னியிலேருந்து என்கிட்ட சரியா பேசறதில்ல.

அடுத்த மாசம் தீபா லீவுல வர்றா. எந்த நாள்னு சொல்ல மாட்டேங்கறா. "திடீர்னு வந்து கதவத் தட்டுவேன் பாரு"ங்கறா. நேத்து வேலை முடிஞ்சு வந்து பார்த்தா, வாசக்கதவுல தாழ்ப்பாளைக் காணோம். அம்மா ஸ்க்ரூவைக் கழட்டி எடுத்துட்டாங்க.