ஒரு கன்னத்தில் மட்டும் மஞ்சள்

இன்று வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டு வந்த அம்மாவின் வலது கன்னத்தில் மட்டும் மஞ்சள் இருந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. போன மாதம் அம்மாவுக்கு இடப்பக்கம் ஒரு பல்லைப் பிடுங்கியும் வலி போகவில்லை. பக்கத்துப் பல்லையும் எடுக்க, கோலா சிலாங்கூரில் உள்ள பல் கிளினிக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம்.

"ஏம்மா இந்தப் பக்கம் பூசல?"

"கை பட்டாலே கரண்டு அடிச்ச மாதிரி இழுக்குதும்மா. ரெண்டு நொடிதான், அப்புறம் ஒன்னுமில்ல. மோட்டார் சைக்கிள்ல போறப்ப காத்து பட்டாலும் அப்படித்தான்."

பல்வலி என்றால், கன்னத்தில் காற்றோ விரலோ பட்டதற்கே ஏன் இழுக்க வேண்டும்? ஒற்றைத் தலைவலி என்றால் மணிக்கணக்கில் இடிக்கும், இரண்டு நொடியில் விடாது. முகத்து நரம்பில் வரும் வலியைப் பல்வலி என்று நினைத்துப் பல்லை எடுத்துவிடுவதும் உண்டு என்று படித்திருக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னேன்.

"டாக்டரம்மா ஃபோன்ல படிச்சிட்டாங்க லா. காடியில ஏறு," என்று என்னைக் கிண்டல் செய்தபடி கார் கதவைத் திறந்தார்.

நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். ஆனால் பிடுங்கிய பல்லைத் திரும்ப வைக்க முடியாது.

இப்போது கிளினிக்கில் காத்திருக்கிறோம். அம்மாவைக் கூப்பிட்டதும் நானும் உள்ளே போவேன். டாக்டர் மரத்துப்போக வைக்கும் ஊசியை எடுக்கும் முன், மஞ்சள் படாத அந்தக் கன்னத்தைக் காட்டி, இது நரம்பு வலியா என்று கேட்கப் போகிறேன்.